மயில்கழுத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிற குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். மனிதர்களைக் குறை சொல்லலாம், சமையலைக் குறை சொல்லலாம், கிணற்றைச் சொல்லக் கூடாது. உப்புத் தண்ணீரில் பட்டு அழுது வடியும். நல்ல தண்ணீரில்தான் நிறம் எழுந்து நிற்கும். எங்களுடையது நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் என் மனைவி, கல்யாணமான இரண்டாம் மாதம், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "எனக்கு இந்த ஊர்த் தண்ணியே இன்னும் பழகலங்க" என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவளிடம் முடியவில்லை. ஆடி பிறக்கும் முன்பு புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக என் மாமனார் பெரம்பூரிலிருந்து வந்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிக்க அவர் ஏறியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் இதைச் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"அப்பா அங்க ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கார். கெடச்சா நான் அங்கயே இருந்துகினு, நீங்களும் மெதுவா வந்துடலாம்னு பாக்கறார்."

"நீ இன்னா பாக்கற?" என்று கேட்டேன்.

மாமனார் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். அவள் ஏறிக்கொண்டாள். பதில் பஸ்ஸோடு ஆற்காட்டு ரோட்டில் போய்விட்டது.

அவள் வருவாள், அதில் சந்தேகமில்லை. ஆவணி பிறந்தால் கொண்டுவந்து விடுவது முறை. வந்தபின் இருப்பாளா என்பதுதான் கேள்வி. சாயப்பட்டறையைத் தூக்கிக்கொண்டு நான் பெரம்பூருக்குப் போக முடியாது. கிணறு என்கூட வராது.

எங்கள் வீட்டில் அவள் அதிகம் பேசியதில்லை. பகல் வேளைகளில் கொல்லைக்கு வந்து, நான் நூல் கழிகளை அலசுகிற சிமெண்ட் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். கொதிக்கிற அண்டாவிலிருந்து எடுத்த பட்டுநூலைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அது அவிழ்ந்து விரியும், ஒதுங்கும், திரும்பி வரும். ஒருநாள் அதைப் பார்த்து, "எங்க வீட்டு மீனு இப்படித்தான் வால ஆட்டும்" என்றாள். மாமனார் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் கோபம் வந்தாலும் அந்தத் தொட்டியின் முன்னால் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. அந்த முகத்தை எங்கள் கூடத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பஸ் புழுதி அடங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஆடி முடிந்து அவள் வரும்போது கூடத்தில் ஒரு மீன்தொட்டி நிற்க வேண்டும்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைப் பெற்ற நாளிலிருந்து சொல்லிவருகிறாள். இருக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் மீன்தொட்டி விற்கிற கடை ஏது? சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிற பாய் கடைக்குப் போனேன். அதுவரை பாய் வெட்டியதெல்லாம் சாமிகளுக்குத்தான். முருகனுக்கும் வெங்கடாசலபதிக்கும் அளவு அவருக்கு மனப்பாடம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அளவுகோலைக் கீழே வைத்தார்.

"இன்னா தம்பி, தண்ணிக்கு ஃப்ரேம் போடச் சொல்றீங்களா?"

போட்டுக் கொடுத்தார். இரும்புச் சட்டத்தை வெல்டிங் பட்டறையில் அடித்து வாங்கி, கனமான கண்ணாடியாக வெட்டி, சீமைச் சுண்ணாம்புப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, மூலை மூலையாக அப்பினார். அந்தப் பிசினுக்குப் பட்டி என்று பெயர். அது இறுகும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. "ஜல்தி பண்ணீங்கன்னா பேஜாராயிடும்" என்று பார்த்த மாத்திரத்தில் என் அவசரத்தைக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார்.

தொட்டியைக் கூடத்தில், ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெயில் விழுகிற இடத்தில் வைத்தேன். உச்சிவேளையில் அந்த வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கித் தரையில் நிற்கும். தூசி அதற்குள் ஏறி இறங்கும். அங்கே தண்ணீர் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடி, வெறும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நான் உட்கார்ந்திருப்பதை அம்மா பார்த்தாள்.

"ஆடி மாசத்துல யாராச்சும் புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களாடா?"

"ஆரம்பிக்கலம்மா. கட்டத்தான் கட்டறேன். குடி வைக்கறது ஆவணியிலதான்."

அந்தப் பதில் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. மீனுக்கு வீடு கட்டினாலும் சாஸ்திரம் சாஸ்திரம்தானே. மஞ்சளைக் குழைத்துக் கண்ணாடியின் நான்கு மூலையிலும் வைத்து, மேலே குங்குமம் இட்டாள். துடைக்க எனக்குத் தைரியமில்லை.

முதல் தண்ணீரை ஊற்றியபோது ஒரு மூலை கசிந்தது. பாய் வந்து திரும்பப் பட்டி அப்பினார். மறுபடி காத்திருந்து ஊற்றினோம். நின்றது. ஆனால் தண்ணீர் சும்மா நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் தறிகள். நடுச்சுவர் எங்களுக்கும் அவர்களுக்கும் பொது. ஒவ்வொரு முறை நூலை நெருக்கத் தறிப்பலகை அடிக்கும்போதும் தண்ணீரின் மேல் ஒரு சிலிர்ப்பு ஓடி, கண்ணாடியில் மோதித் திரும்பியது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன். வந்து படுத்த நாளிலிருந்து அவள் தலைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தொட்டியின் காலுக்கடியில் கோணிச் சாக்கை மடித்து வைத்தேன். சிலிர்ப்பு கொஞ்சம் குறைந்தது.

இனி அடியில் போடக் கல் வேண்டும். பெரம்பூர் தொட்டியில் நிறம் நிறமாகக் கல் கிடக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். மெட்ராஸில் மூர் மார்க்கெட்டில் விற்கிறார்களாம். ஊருக்கே நிறம் போடுகிறவன் நான், நிறம் வாங்க மூர் மார்க்கெட் போவதா? மானப் பிரச்சினை. கமண்டல நாகநதிக்கு சைக்கிளில் போய், மணலைக் கிளறி வெள்ளைக் கூழாங்கற்களாகப் பொறுக்கி, ஒரு சாக்கு கட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு மயில்கழுத்து நிறம் பிடிக்கும். கல்யாணத்துக்கு எடுத்த புடவைகளில் அதைத்தான் தடவிப் பார்த்தாள். நீலமும் கொஞ்சம் பச்சையும் கலந்து, ஆசிட் விட்டு, பட்டுக்குச் செய்கிற எல்லா மரியாதையோடும் அந்தக் கற்களைத் தாமிர அண்டாவில் கொதிக்கவைத்தேன்.

வெந்து இறங்கிய கற்களைக் கொல்லையில் காயவைத்தபோது மயிலே வந்து முட்டையிட்டுப் போன மாதிரி இருந்தது. பெருமை தாங்கவில்லை. அலசினேன். நீலமாக ஓடியது. முதல் அலசலில் கொஞ்சம் போகத்தான் போகும், பட்டிலும் போகும். இரண்டாவது அலசலிலும் ஓடியது. அது மிச்சச் சாயம். சாயக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் உண்டு.

கற்களைத் தொட்டியில் பரப்பி, மேலே வாழையிலை போட்டு, குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். இலையை எடுத்தேன். பளிங்கு மாதிரித் தண்ணீர், அடியில் மயில்கழுத்து. சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால், கற்களுக்குள்ளிருந்து பச்சை நூல்நூலாக எழுந்துகொண்டிருந்தது.

பச்சைதான் முதலில் கிளம்பியது. ஊதுவத்திப் புகை மாதிரி நேராக ஏறி, பக்கத்துத் தறி அடிக்கும்போது நெளிந்து, மறுபடி ஏறியது. அதற்குப் பின்னால் நீலம் மெல்ல வந்தது. இரண்டும் பாதித் தொட்டியில் சந்தித்தன. அந்த நேரம் பார்த்து ஓட்டுக் கண்ணாடி வெயில் உள்ளே இறங்கியது. கூடம் முழுக்க மயில்கழுத்து நிறம். சுவர், உறியில் தொங்கிய சட்டி, என் வேட்டி, எல்லாம் அந்த நிறத்தில் மிதந்தன. அம்மா சோற்றுத் தட்டோடு குறுக்கே போனாள். வெள்ளையாக உள்ளே நுழைந்து, நீலமாக நடந்து, வெள்ளையாக வெளியே போனாள். அவளுக்கே தெரியாது.

வேலை கெட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். வருத்தப்பட வேண்டும் என்றும் தெரியும். ஆனால் நான் என் ஆயுளில் போட்ட சாயங்களிலேயே அழகானது அந்தத் தண்ணீர்தான். வெயில் நகர்ந்து போகும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. பக்கத்தில் கிடந்த கோரைப்பாயில் அப்படியே சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது. கனவில் எங்கள் தெரு தண்ணீருக்கடியில் இருந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், ஆனால் தூரத்தில் கேட்கிற மாதிரி மெத்தென்று. பட்டு நூல் கழிகள் கதவு கதவாக நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தன. அவள் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். விழித்தபோது கன்னத்தில் கோரைப்பாயின் கோடுகள். அவள் இல்லாத வீடு எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான இரண்டாம் மாதத்தில் அதைச் சொன்னால் தெருவே சிரிக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் வெறும் வீம்பு. கற்களை எடுத்து, ஆசிட்டைக் கூட்டி, மறுபடி கொதிக்கவைத்தேன். உப்புப் போட்டேன். ஊறவைத்தேன். வெயிலில் வாட்டினேன். ஒவ்வொரு முறையும் காலையில் தெளிவாக இருக்கிற தண்ணீர் மாலைக்குள் நிறம் மாறியது. பாய் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் கியாரண்டி குடுக்கறீங்க, உங்க வீட்டுலயே சாயம் வெளுத்துப்போச்சே தம்பி" என்று சிரித்துக்கொண்டே போனார். அம்மா இன்னும் ஒரு படி மேலே.

"கல்லுல நாரு உரிக்கறவனக் கேள்விப்பட்டிருக்கேன். கல்லுக்குச் சாயம் போடறவன இப்பத்தாண்டா பாக்கறேன்."

"நீ ஒண்ணும் பேசாத."

"பட்டு ஒரு உயிரு வுட்ட பொருளு. அது குடிக்கும். கல்லு எதக் குடிக்கும்?" என்றாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போகிற வழியில், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அவ வந்து இருப்பாளாடா?"

அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. நான் கற்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். "தெரியலம்மா" என்றேன்.

ஆடி அமாவாசை வந்தது. அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. நடுச்சுவர் மௌனமாகிவிட்டது. அந்த மௌனத்தில் உட்கார்ந்து யோசித்தபோது வீம்பு கொஞ்சம் இறங்கியது. கற்களையெல்லாம் அள்ளிச் சாக்கில் கட்டினேன். எங்கே கொட்டுவது என்று கேட்டதற்கு, வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் போடச் சொன்னாள் அம்மா. கொட்டி மிதித்துவிட்டு ஆற்றுக்குப் போனேன். சாதாரண ஆற்று மணலைக் கொண்டுவந்து, பட்டுநூலை அலசுகிற அதே சிமெண்ட் தொட்டியில், மேலே நிற்கிற தண்ணீரில் என் விரல்ரேகை தெரிகிறவரை அலசினேன். மீன்தொட்டியில் பரப்பினேன். குளத்திலிருந்து வேரோடு கொண்டுவந்த பாசிக்கொடி இரண்டை நட்டேன். தண்ணீர் ஊற்றினேன்.

எதுவும் எழவில்லை. நிறம் இல்லை, சிலிர்ப்பும் இல்லை. வெயில்தூண் வந்து உள்ளே நின்றது. மணல் மணலாகவே கிடந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இவ்வளவு அழகு என்று அதை வைத்தே பிழைக்கிற எனக்கு அன்றுவரை தெரியாது. நிறம் போடுவதற்காகவே அதைப் பார்த்துப் பழகியவன் நான்.

அதன்பின் தினமும் காலையில் கொஞ்சம் எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றினேன். கண்ணாடியில் லேசாகப் பச்சை படிந்தது. கொடி ஒரு புது இலை விட்டது. ஆடி முடிந்தது.

அவர்கள் வந்த அன்று மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. ரிக்‌ஷா சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் அப்படியே நின்றேன். எங்கள் வாசல் பள்ளத்திலிருந்து தெருக்கோடிவரை மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை அண்டாவில் கொதித்த கல், கடைசியில் மழைக்கு மொத்தத்தையும் கக்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் "இரு, இரு" என்று கத்துவதற்குள் என் மனைவி ரிக்‌ஷாவிலிருந்து காலை நேராக அதற்குள் வைத்தாள்.

தாய்வீட்டில் எடுத்துக்கொடுத்த புதுப்பட்டு. சந்தன நிறம். கொசுவத்தின் ஓரம் ஒரு சாண் உயரத்துக்கு நீலம் ஏறியது. கல் குடிக்காத சாயத்தைப் பட்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டது. பிற்பாடு நான் எவ்வளவோ அலசியும் அது போகவேயில்லை.

"இன்னாங்க இது?" என்றாள்.

அம்மாதான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "உனக்கு மீனு தொட்டி கட்றேன்னு கல்ல வேகவச்சாம்மா உன் புருஷன். ஆடி பூரா வேகவச்சான். வெந்துச்சான்னு கேளு."

அவள் நீலக் காலோடு நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

உள்ளே வந்து தொட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஈரக் காலை மடக்கி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவர் பார்க்கிற மாதிரி மூலைகளைத் தடவிப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"நல்லாத்தான் பண்ணிருக்கீங்க மாப்ள," என்றார். "ஆனா வேல கெடச்சிடுச்சு. ஒண்ணாந்தேதி சேரணும். ரெண்டு நாள் இருந்துட்டு கூட்டிகினு போலாம்னுதான் வந்தேன். நீங்களும் யோசிங்க."

அம்மா அடுப்பங்கரைக் கதவருகே நின்றுவிட்டாள். நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தறி ஓடியது. தண்ணீரில் சிலிர்ப்பு ஓடித் திரும்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனுன்னா சும்மா இல்ல மாப்ள," மாமனார் தொடர்ந்தார். "பாத்துக்க ஆளு வேணும். இவளும் போயிட்டா இத யாரு பாத்துக்கறது? வேணும்னா நாளைக்கே நான் மெட்ராஸ் போயி, மூர் மார்க்கெட்ல ஒரு நாலு மீனு வாங்கியாந்து விட்டுடறேன், இவ கண்ணால பாத்துட்டாவது போவட்டும்."

"இப்ப விடக் கூடாதுப்பா" என்றாள் அவள், திரும்பாமல்.

"ஏன்?"

"புதுத் தண்ணி. இன்னும் பழகல. நீங்கதான சொல்வீங்க?" கண்ணாடியில் விரலை வைத்து, மணலுக்கு மேலே எதையோ அளப்பது போல நகர்த்தினாள். "தெனம் ரெண்டு சொம்பு எடுத்துட்டு ரெண்டு சொம்பு ஊத்தணும். கொடி இன்னும் வேர் பிடிக்கணும். தீபாவளிக்கு விடலாம். நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணாந்தேதி..."

"பஸ் ஸ்டாண்டு மாடியில டைப்ரைட்டிங் கிளாஸ் இருக்குப்பா. வரும்போதே போர்டு பாத்தேன். கத்துக்குடுக்க ஆள் கேட்டுப் போட்டிருக்காங்க." பிறகு இன்னும் மெதுவாக, "தீபாவளிக்குன்னு சொன்னேன்பா" என்றாள்.

மாமனார் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அம்மா, "காபி போடட்டுங்களா?" என்று கேட்டாள், குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அவர் சரி என்றார். நான் சுவரோரம் நின்று, ஆடி முழுக்கச் சாயத்தில் ஊறி நீலமாகவே போய்விட்ட என் விரல்களில் தீபாவளிவரை மாதங்களை எண்ணினேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.